நாலுக்கு நாலு

"இந்தச் சட்டையில ரெண்டாவது பொத்தானைக் காணோம், பார்த்தியா?" என்று கேட்டார் அப்பா. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வருவதற்குள், நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

எட்டு வீடுகள் கொண்ட எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் சங்கச் செயலாளர். நாற்பது விதிகள் எழுதி, 'சாசனம்' என்று அட்டை போட்டு வைத்திருந்தார்.

அவர் போன மூன்றாம் வாரம் லிஃப்ட்டும் நின்றது. பழுது பார்க்கச் செயலாளர் கையெழுத்து வேண்டும். அம்மாவோ ஐந்தாம் மாடியில், மூட்டுவலியோடு. அக்காவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் பத்தே நாள். அம்மா இறங்கி அவள் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் எங்கள் வீட்டில். செயலாளர் வீட்டில்தான் கூட வேண்டும் என்பது விதி. ஏழு வீட்டுக்காரர்களும் ஏறி வந்து, முதல் பத்து நிமிடம் மூச்சு மட்டும் வாங்கினார்கள்.

பல் டாக்டருக்கு நாலு ஓட்டு. தையல்காரருக்கும் நாலு.

"சமமா வந்தா, செயலாளர் இன்னொரு ஓட்டுப் போட்டு முடிக்கணும்," என்று சாசனத்தைப் படித்தார் டாக்டர்.

"அவர் இருந்தா நாம எதுக்கு சார் அஞ்சு மாடி ஏறி வர்றோம்?" என்றார் தையல்காரர்.

"சீட்டுக் குலுக்கிப் போடுங்களேன்," என்றாள் அம்மா.

"குலுக்கலாமான்னு முதல்ல ஓட்டெடுக்கணும்க்கா," என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். நாலுக்கு நாலு.

"சரி, ஆளுக்கு ஆறு மாசம் இருங்க," என்றாள் அம்மா.

யார் முதலில்? அதுவும் நாலுக்கு நாலு.

"விதியையே திருத்திடுவோம்!" தையல்காரர் துள்ளி எழுந்தார்.

டாக்டர் பக்கம் புரட்டினார். "திருத்தணும்னா செயலாளர் கையெழுத்து வேணுமாம்."

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எழுதினதே எங்க வீட்டுக்காரர்தானே! நான் சொல்றேன், கிழிச்சுப் போடுங்க!"

"எழுதினவருக்கும் விலக்குக் கிடையாதுக்கா. அதுதான் முதல் விதியே," என்றார் டாக்டர்.

அப்பா போனதிலிருந்து அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். அப்பாவுக்காகவா, லிஃப்ட்டுக்காகவா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் மெக்கானிக் இரைக்க இரைக்க உள்ளே வந்தார். "ஒரு கையெழுத்துக்கு எத்தனை தடவைம்மா ஏறி வர்றது?"

"செயலாளர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே, தம்பி. நான் என்ன செய்ய?"

மெக்கானிக் விழித்தார். பழைய லிஃப்ட் ஒப்பந்தத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அம்மா முன்னால் பரப்பினார்.

"வீடு உங்க பேர்லதானேம்மா? சொந்தக்காரங்கதான் பதவியில இருக்கலாம்னு சொல்லி, பத்து வருஷமா ஐயா இதை அடுப்படிக்குள்ள கொண்டுபோய் செயலாளர்னு போட்ட இடத்துல உங்ககிட்டதான் கையெழுத்து வாங்கிட்டு வருவாரு. செயலாளர் எங்கேயும் போகல, இதோ என் எதிர்லயே உட்கார்ந்திருக்காங்க!"