பாதிக் கூரைப் பிரபு

வணக்கத்துக்குரிய மடாதிபதி, என் மூத்த சகோதரர் கில்பிரைட் அவர்களின் சமூகத்துக்குத் தங்கை எஷினா பணிந்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் பெண்கள் இருவரும் நலம், ஆனால் நனைந்திருக்கிறோம். அவ்விடம் தங்கள் முழங்கால் வலியும், அதற்காகத் தாங்கள் அருந்தும் மடத்து மதுவும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல்.

நிற்க. தங்கள் அருமை மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர் டங்கல் பிரபுவைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன வருடம் எல்லையோரப் பெரிக் நகரில் இங்கிலாந்து ராஜாவின் கைக்குள் தன் கையை வைத்து மண்டியிட்டுச் சத்தியம் செய்தார். இந்த வசந்தத்தில் மலைக்காட்டில் ஒளிந்திருக்கும் நம் ராஜாவிடம் போய், தாங்களே நீட்டிய புனிதரின் எலும்பைத் தொட்டு இன்னொரு சத்தியமும் செய்தார். இரண்டையும் மனதாரத்தான் செய்தார், இவரிடம் அதுதான் தொல்லையே. எல்லைக்குத் தெற்கே நம் வாற்கோதுமை நிலம் இருக்கிறது, வடக்கே இவர் அப்பாவின் கல்லறை இருக்கிறது. ஆக வயிற்றுக்கு ஒரு ராஜா, மானத்துக்கு ஒரு ராஜா.

இப்போது நம் ராஜா ஆள் அனுப்பிவிட்டார். இங்கிலாந்துப் படை வந்து உட்கார இடமே இருக்கக் கூடாதாம், அவரவர் கோட்டையை அவரவரே அழித்துவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அவரே வந்து கொளுத்துவாராம். இங்கிலாந்து ராஜாவோ ஒரு கல் பெயர்ந்தாலும் தலை தப்பாது என்கிறார். வேறு யாராயிருந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருப்பார்கள். இவர் எங்கள் கோட்டையின் கூரையைப் பிரித்தார், அதுவும் பாதி. "நம்மாளுங்க வந்தா இடிக்க ஆரம்பிச்சுட்டேன்னு காட்டுவேன், அவங்க வந்தா பழுது பாக்குறேன்னு காட்டுவேன், எப்படி?" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு! அன்று பிடித்த மழை அண்ணா, இன்னும் விடவில்லை. கஞ்சியைக் குடிக்கக் குடிக்கக் கிண்ணம் நிறைகிறது. கோழிகள் எங்கள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டன, நாங்கள் கட்டிலுக்கு அடியில் படுக்கிறோம். என் கல்யாணத்துக்கு அப்பா தன் கையாலேயே செய்துகொடுத்த ஓக் மரப் பெட்டியை மட்டும் மாட்டுத்தோலால் மூடி வைத்திருக்கிறேன், இந்த வீட்டில் நனையாத பொருள் அது ஒன்றுதான்.

இதற்குள் இங்கிலாந்துத் தளபதி வந்து பார்த்து, பாவம் இந்த மனுஷர் தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று உருகி, கூரை வேயத் தன் தச்சர்களை அனுப்பிவிட்டார். மறுநாள் நம் ராஜாவின் ஆள் வந்து பார்த்து, அடடா ஆரம்பித்துவிட்டாரே என்று மகிழ்ந்து, மாலிஸ் தலைமையில் கடப்பாரை ஆட்களை அனுப்பிவிட்டார். அவங்க ஒரு பக்கம் வேய்றாங்க, இவங்க ஒரு பக்கம் பிரிக்கிறாங்க, மத்தியானம் எல்லாரும் என் அடுப்படியிலதான் வந்து உட்கார்றாங்க.

"கொஞ்சம் மெதுவா வேய்ங்கப்பா, பிரிச்சுப் பிரிச்சுக் கை வலிக்குது," என்கிறான் மாலிஸ்.

"நீ மெதுவாப் பிரி, எங்களுக்கும் நாள்கூலிதான்," என்கிறான் அந்தப் பக்கத்துத் தச்சன் ஹாப்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே குடியேற இங்கிலாந்து வில்லாளிகள் வருகிறார்கள். அவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் நம் ராஜா எங்களையும் சேர்த்துத்தான் கொளுத்துவார். நானும் கேட்டுப் பாத்துட்டேன்.

"ஏங்க, ஏதாவது ஒரு பக்கம் நில்லுங்களேன்."

"யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் எஷினா."

"மழை யோசிக்கலையே, நேரா உள்ள வந்துடுச்சே!"

கோழியைத் தடவிக் கொடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. இவரோட இனி என்னால முடியாதுண்ணா. தயவுசெய்து உங்க கோவேறு கழுதையை அனுப்புங்க, பெண்களையும் அப்பா பெட்டியையும் ஏத்திக்கிட்டு மடத்து விருந்தினர் விடுதிக்கே வந்துடறேன்.

புனித நினியன் தங்கள் முழங்காலைக் காப்பாராக. அடுத்த பூசையில் என் பொறுமைக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றவும்.

இப்படிக்கு,
தங்கள் ஈரத் தங்கை,
எஷினா

பின்குறிப்பு: மழையால் கடிதம் கொண்டுபோகும் ஆள் கிளம்பவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். வில்லாளிகள் ஆற்றைத் தாண்டிவிட்டார்கள் என்று காலையில் செய்தி வந்தது. இவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெண்களைக் குன்றின் மேல் ஆட்டுப்பட்டிக்கு அனுப்பினார், கோழிகளையும் அனுப்பினார். ஹாப்புக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து, "ஊருக்குப் போய்ச் சேருப்பா" என்றார். பிறகு தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார். எங்கே பிடிக்கிறது, எல்லாம் ஊறிப்போன மரம்! மண்டியிட்டு ஊதுகிறார், ஊதுகிறார், கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, புகையால் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே நிற்க என்னால் முடியவில்லை. நனையாத பொருள் வீட்டில் ஒன்றுதானே இருந்தது, அதை நானே இழுத்து வந்து கோடரியால் பிளந்தேன். அப்பாவின் ஓக் நன்றாகப் பிடித்துக்கொண்டது அண்ணா. வில்லாளிகள் தூரத்திலேயே புகையைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டார்கள். தெற்கு நிலம் இனி நமக்கில்லை.

இப்போது ஆட்டுப்பட்டியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எஷினா, நாம சரியாத்தானே செஞ்சோம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நானும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கழுதையை அனுப்புங்கள். இல்லை, வேண்டாம், இவரை விட்டுவிட்டு எப்படி வருவது? ஆனால் பெண்கள் குளிரில் நடுங்குகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள் அண்ணா, நாளைக்குச் சொல்கிறேன்.