குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போன தர்ம வீரன்

எங்கள் கொங்குப் பக்கம் யாரும் யாரையும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். வழக்கத்தைவிட ஒரு ‘ங்க’ கூடுதலாக விழுந்தால், செருப்பைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இதை நான் கற்றுக்கொண்டது ஊத்துக்குளியில், பெண் பார்க்கப் போன இடத்தில், ஒரு பூதம் செத்த வழக்கில். அந்தப் பூதம் உண்மையில் ஒரு சட்டைப் பித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் அவை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். (வெளிநாட்டுக்காரன் கேட்பதற்கெல்லாம் முடியும் என்று மெயில் அனுப்பிவிட்டு, எப்படி முடியும் என்று பிறகு யோசிக்கிற உத்தியோகம்.) நண்பன் கதிருக்கு ராயபுரம் வீட்டு மாடியில் கட்டிங் செக்‌ஷன். துணி விரித்து வெட்டுகிற நீள மேசை ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கும். அதன்மேல் மார்க்கிங் சாக்கால் காடும் ஆறும் வரைந்து, நூல் கோன்களைக் கோபுரமாக நிறுத்தி, பித்தான்களைப் பூதங்களாகப் பரப்பி மூன்று பேர் விளையாடுவோம். கதிர் காலேஜ் ஹாஸ்டலில் கற்றுவந்த விளையாட்டு. அவன் கதை சொல்வான். நாங்கள் அதில் வரும் ஆட்களாக நடந்துகொள்ள வேண்டும். வெட்டு, குத்து எல்லாம் பகடை உருட்டித் தீர்மானமாகும். எம்பிராய்டரி யூனிட் வைத்திருந்த சேவியர், திருடன். நான் தர்ம வீரன், பெயர் தர்மசேனன்.

தர்ம வீரனுக்கு வெள்ளைக் குதிரை உண்டு. தொட்டால் காயம் ஆற்றும் சக்தி உண்டு. பதிலுக்கு விரதமும் உண்டு: பொய் கூடாது, வாக்கு மீறக் கூடாது, சரணடைந்தவனைக் காக்க வேண்டும். மீறினால் சக்தியும் போய்விடும், குதிரையும் போய்விடும். வாரம் முழுக்க மெர்ச்சண்டைசராக இருந்தவனுக்கு, ஞாயிறு ஒரு நாளாவது உத்தமனாக இருப்பதில் அப்படி ஓர் ஆசை.

ஒரு ஞாயிறு பூதத் தலைவன் சிக்கினான். கத்தியைக் கீழே போட்டுவிட்டு உயிர்ப்பிச்சை கேட்டான். “என் வாள் உன்னைத் தொடாது” என்று வாக்குக் கொடுத்தேன். சேவியரோ, “இவன விட்டா ஒரு படையவே கூட்டிட்டு வந்துருவான்” என்று பல்லைக் கடித்தான். எனக்கும் அது தெரியும். உடனே கதிரிடம், “தர்மசேனன் குதிரைக்குத் தண்ணி காட்டப் போறான்” என்றேன். போனேன். திரும்பி வந்தபோது பூதத்துக்குத் தலை இல்லை. (சேவியர் பித்தானை மேசையிலிருந்து சுண்டிவிட்டிருந்தான்.)

“விரதம் முறிஞ்சுது. குதிரையும் போச்சு” என்றான் கதிர்.

“நான் வெட்டலையேடா!”

“வெட்டுவான்னு தெரிஞ்சுதான போன நீயி?”

டீக்கடை, பஸ் ஸ்டாண்டு என்று பார்த்த இடமெல்லாம் இதே சண்டை. அது தீராமல் இருந்தபோதுதான் பெண் பார்க்கும் நாள் வந்தது. பெண் நித்யா, கதிரின் சித்தி மகள். ஜாதகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவன்தான்.

ஊத்துக்குளியில் அவர்களுக்கு எருமைகளும் வெண்ணெய் வியாபாரமும். வீடே நெய்யாக மணத்தது. பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதுவரை காபி, மிக்சரோடு சரி. முடிவானால்தான் இலை போடுவார்கள். சமையலறை வாசலில் கழுவி வைத்த வாழை இலைக் கட்டு தெரிந்தது. நித்யா காபி கொடுத்துவிட்டு அவள் அம்மா பக்கத்தில் போய் நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போய்விட்டது.

அவள் அப்பா பொதுவாகக் கேட்டார். “ஞாயித்துக்கெழமைல மாப்பிள்ளைக்கு என்னங்க பொழுதுபோக்கு?”

“எங்கூட்டு மாடில வெளையாடுவோமுங்க சித்தப்பா” என்றான் எங்களோடு வந்திருந்த கதிர்.

“சீட்டுங்களா?”

“இல்லீங்க, பகடை.”

என் அம்மா மூச்சை இழுத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நான் பதறிப்போனேன். “காசு வெச்சு இல்லீங்க மாமா! இது தர்மத்தப் பத்தின வெளையாட்டுங்க. நான் பொய்யே பேசக் கூடாது. குடுத்த வாக்க மீறவே கூடாதுங்க.”

அவர் முகம் தெளிந்தது. அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

“மீறிட்டானுங்க சித்தப்பா” என்றான் கதிர், மிக்சரை மென்றபடி.

எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. காபி டம்ளரைப் பூதமாக வைத்தேன். மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைச் சேவியராக நிறுத்தினேன். நடந்ததையெல்லாம் சபைக்கு விளக்கினேன். “என்ற வாள் தொடாதுன்னுதானுங்க சொன்னேன். அடுத்தவன் கத்தியப் பத்தி நான் பேசவே இல்லீங்களே!” என்று முடித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். (பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன சொல்ல?)

அப்போது நித்யா பேசினாள். “ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்கூட்லயும் எருமைக்குத் தண்ணி காட்டறோம். அது கத்துனாத்தான் வாளியத் தூக்குவோம். உங்க குதிரை கத்துச்சுங்களா?”

“இல்லீங்க” என்றேன். பொய் சொல்லக் கூடாதல்லவா?

“அப்ப நாளைக்கு எனக்கு ஒரு கஷ்டம்னா, நீங்க எங்கீங்க இருப்பீங்க?”

அவள் அப்பா எழுந்து கும்பிட்டார். “ரொம்பச் சந்தோசமுங்க. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி உடறோமுங்க.” இலைக் கட்டு உள்ளே போனது. நாங்கள் வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “பூதத்தக் கொன்னாக் கொன்னுட்டுப் போ சாமி. அத ஏன்டா அங்க போயிச் சொன்ன?”

ஆனால் எனக்கு நித்யாவின் கேள்விதான் உறுத்தியது. வெட்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், கம்பெனியில் துணிக்குச் சாயம் தப்பினாலும் சரி, வீட்டில் பங்காளிச் சண்டை வந்தாலும் சரி, எனக்கு மட்டும் எங்கோ ஒரு குதிரை தாகத்தோடு நின்றிருந்தது. சம்பந்தம் எப்படியும் கைவிட்டுப் போய்விட்டது. பூதத்தின் கணக்கையாவது தீர்ப்போம் என்று அடுத்த ஞாயிறு மாடி ஏறினேன்.

“கதிரு, நீ சொன்னதுதான் சரி. விரதத்த மீறிட்டேன்.”

சேவியர் டீயைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். கதிர் பரிகாரம் சொன்னான்: தர்மசேனன் குதிரையில்லாமல் காடு முழுக்க நடந்து போய், பூதத்தின் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பூதத்தின் மனைவியாகக் கதிரே கட்பீஸ் துணியைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“உங்கள நம்பித்தானுங்களே எங்கூட்டுக்காரரு கத்தியக் கீழ வெச்சாரு? அப்ப நீங்க எங்கீங்க போனீங்க?”

“குதிரைக்குத் தண்ணி காட்டறேன்னு சொல்லிட்டு மரத்துக்குப் பின்னால நின்னேனுங்க. என்னய மன்னிச்சிருங்க.”

சேவியர் சிரித்துச் சிரித்துத் துணி ரோல்மேல் சாய்ந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் கொஞ்சம் தண்ணீர்கூட வந்தது. (பஞ்சுத் தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

கதிர் இதை ஊத்துக்குளிக்குப் போய் நடித்தே காட்டியிருக்கிறான், முக்காடு உட்பட. சித்தி வீடே சிரித்ததாம். நித்யா மட்டும், “ஒத்துக்கற ஆளுன்னாச் சரி, வரச் சொல்லுங்கண்ணா” என்றாளாம். இந்த முறை இலை போட்டார்கள். வெள்ளைக் குதிரையைத்தான் கதிர் இன்றுவரை திருப்பித் தரவில்லை.

போன மாதம் அரிசிம்பருப்புச் சோற்றுக்குப் பூண்டைத் தட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்று அம்மாவுக்கும் நித்யாவுக்கும் சமையலறையில் வாக்குவாதம். இருவரும் தீர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “வண்டிக்குப் பெட்ரோல் போட்டுட்டு வந்தர்றேன்” என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

“அம்மா, அப்பா குதிரைக்குத் தண்ணி காட்டப் போறாரு!” என்று கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

வாக்குவாதம் சட்டென்று நின்றது. “போயி பெட்ரோல் முள்ளு எங்க நிக்குதுன்னு பாரு கண்ணு” என்றாள் என் அம்மா.

மகள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். “டேங்க் ஃபுல்லு, அப்பாயி!”

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனேன்.