சுஷிக்கடை மாப்பிள்ளை: பரிசோதனை அறிக்கை

மாரெட்பள்ளி, செகந்திராபாத்
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய அத்தான் பக்தவத்சலம் அவர்கள் சமூகத்திற்கு, மைத்துனன் தண்டபாணி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், சகுந்தலா, ரஷ்மி மூவரும் சௌக்கியம். நாகப்பட்டினத்தில் தாங்களும் அக்காவும் தங்களுடைய இரண்டு முழங்கால்களும் அவ்வண்ணமே சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். என் போனுக்குப் பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்ததே ரஷ்மிதான். இது அவள் கண்ணில் படக் கூடாத சமாசாரம்.

தாங்கள் இட்ட கட்டளைப்படி நேற்று மாதாப்பூருக்குப் போய், ரஷ்மி கட்டிக்கொள்வேன் என்று நிற்கிற அந்தச் சின்னசாமி என்ற பையனையும், அவன் சமைக்கிற, மன்னிக்கவும், சமைக்காமலே எடுத்துக் கொடுக்கிற ஜப்பான் ஓட்டலையும் பரிசோதித்துவிட்டேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் சாப்ட்வேர் பையன் மேல் விழலாம், அப்படியிருக்கப் பச்சை மீனை நறுக்கிக் கொடுக்கிறவனுக்கா நம் பெண் என்று தாங்கள் கோபப்பட்டது நியாயம். நானும் அதையேதான் சொன்னேன். அதற்கு ரஷ்மி, "அப்பா, நீங்க ட்வென்டி எய்ட் இயர்ஸ் ரயில்வேல சாப்பாடு செக் பண்ணவர். அவர் கையால ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்க. அப்புறமும் வேண்டாம்னு சொன்னா, ஓகே, நான் கேட்டுக்கறேன்" என்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன் அத்தான். சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரிசோதனை என்றால் முன்னறிவிப்பு இல்லாமல் போவதுதான் சர்வீஸில் என் வழக்கம். பையன் என்னைப் பார்த்ததில்லை. இருந்தாலும் ஜாக்கிரதைக்காகச் சகுந்தலாவின் அண்ணன் விட்டுப்போன கோல்ஃப் தொப்பியைப் போட்டுக்கொண்டு, தமிழே வாயில் வரக் கூடாது, இந்த ஊர் ஹிந்திதான் என்று முடிவு செய்துகொண்டு, பையில் என் பழைய தெர்மாமீட்டரையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு, மெட்ரோ ஏறி, பன்னிரண்டரை மணிக்கு உள்ளே நுழைந்தேன். ஓட்டல் சுத்தம். அதை மறைக்க மாட்டேன். மேஜைக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு பிசுக்கு இல்லை. சுமலதா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த தெலுங்குப் பெண் ஓடி வந்து, "அங்க்கிள், ஏதாவது விழுந்துடுச்சா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். "நக்கோ, நக்கோ" என்று இந்த ஊர் ஹிந்தியில் மறுத்துவிட்டு, மீன் வெட்டுகிற பலகைக்கு நேர் எதிரே உயரமான ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே வெள்ளை உடுப்பில் ஒருத்தன். ரஷ்மி காட்டின போட்டோவில் இருந்த அதே முகம்.

முதலில் வந்தது சோற்று உருண்டை. கட்டை விரல் நீளம், அதன் மேல் ஒரு துண்டு மீன், வேகாமல், வெட்கமில்லாமல் படுத்திருக்கிறது. வழக்கப்படி முதலில் மோந்து பார்த்தேன். அத்தான், சோறு புளித்த வாடை! சர்வீஸில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே கிச்சனுக்குச் சீல் வைத்திருப்பேன். தெர்மாமீட்டரை எடுத்து உருண்டைக்குள் சொருகினேன், முப்பத்தாறு டிகிரி. சோறு என்றால் ஆவி பறக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றி ஜில்லென்று இருக்க வேண்டும். இதென்ன காய்ச்சல் இல்லாத மனுஷன் மாதிரி ஒரு சூடு? "கம்ப்ளெயின்ட் புக் லாவ்!" என்று ஒரு சத்தம் போட்டேன். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். சுமலதா ஒரு சிலேட்டு மாதிரி எதையோ கொண்டுவந்து நீட்டினாள், அதில் ஐந்து பொம்மை முகங்கள், அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை. ஒன்றைத் தொட வேண்டுமாம். புளித்த சோற்றைப் பற்றி ஒரு பொம்மை முகத்திடம் நான் எப்படி விளக்குவது?

அப்போது அந்தப் பையன் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து, நல்ல மரியாதையான ஹிந்தியில், "சாப், இது புளித்துப் போன சோறு இல்லை, காலையில் வடித்து வினிகர் கலந்தது. சூடு எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்டான். முப்பத்தாறு என்றேன். "சரியாக இருக்கிறது. உடம்புச் சூட்டில்தான் கொடுக்க வேண்டும், என் வாத்தியார் கையை வைத்தே பார்ப்பார், நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை" என்றான். தன் உருண்டைக்குள் தெர்மாமீட்டரைக் குத்தியவனிடம் கோபப்படாமல் கணக்குக் கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். குச்சி பிடிக்கத் தெரியாமல் நான் முழித்ததைப் பார்த்து, "கையாலேயே சாப்பிடலாம், அதுதான் பழைய முறை" என்றான். ஜப்பான்காரன் மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது.

சாப்பிட்டேன். அதைப் பற்றிப் பிறகு.

அடுத்தது மீன். நம் குடும்பத்தைச் சோற்றில் ஏமாற்றலாம், மீனில் ஏமாற்ற முடியுமா? ஆரஞ்சு நிறத்தில் ஒரு மீன் வைத்தான். "இதன் தலை எங்கே? செவுளைப் பார்க்க வேண்டும்" என்றேன். அது வெளிநாட்டிலிருந்து வருகிறது, தலை இல்லாமல்தான் வரும் என்றான். தலையில்லாத மீனை எதை வைத்து நம்புவது? கண்ணைப் பார்க்க முடியாது, செவுளைத் தூக்க முடியாது. முடியாது என்று நான் தட்டைத் தள்ள, அவன் உள்ளே போய் ஐஸிலிருந்து ஒரு முழுக் கொடுவாவை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து என் முன்னே கிடத்தினான். டார்ச் அடித்துச் செவுளைத் தூக்கினேன். ரத்தச் சிவப்பு! கண் பளிச்சென்று முழிக்கிறது. விரலால் அழுத்தினேன், குழி விழவில்லை. கடலுக்கு இவ்வளவு தூரத்தில், முப்பது வருஷமாக நான் மொண்டா மார்க்கெட்டில் சண்டை போட்டும் கிடைக்காத மீன் அத்தான்! டார்ச்சை அணைக்கவே மறந்துவிட்டேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வெட்டினான். கத்தி போனதே தெரியவில்லை, முள்ளில் ஒரு பொட்டு சதை ஒட்டவில்லை. இந்தப் பக்கம் ஒரு பாதி, அந்தப் பக்கம் ஒரு பாதி. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அந்தத் தலை இருக்கிறதே, கன்னத்துச் சதையும் கொழுப்புமாக முக்கால் கிலோ இருக்கும், அதை அப்படியே கத்தியால் ஓரத்துத் தட்டில் தள்ளினான். என்னை அறியாமல் ஸ்டூலிலிருந்து எழுந்து, "அடப்பாவி, தலையையாடா தூக்கிப் போடுறே!" என்று கத்திவிட்டேன். சுத்தமான நாகப்பட்டினத் தமிழில். தொப்பி கழன்று சோயா கிண்ணத்தில் விழுந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. "தூக்கிப் போடலைங்க சார். ஸ்டாப் சாப்பாட்டுக்கு எடுத்து வெக்கிறேன். தலைக் கொழம்பு" என்றான். "தமிழா நீ? எந்த ஊரு?" என்று எதுவும் தெரியாத மாதிரி கேட்டேன். "தருமபுரிங்க." தருமபுரி! பஸ் பிடித்தாலும் அலை பார்க்க அரை நாள் ஆகும் ஊர். "எனக்கு அந்தத் தலைக் கொழம்பு ஒரு கிண்ணம் கொடு" என்றேன். "அது ஸ்டாப்புக்கு மட்டுந்தாங்க சார். கஸ்டமருக்குக் குடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டான். நாகப்பட்டினத்தில் பிறந்தவனுக்கு மீன் தலை இல்லை என்கிறான் தருமபுரிக்காரன். சொல்லும்போது சிரிக்கவேறு செய்தான்.

இப்போது தீர்ப்பு. மனசாட்சிப்படி எழுதுகிறேன். சுத்தம், நன்று. மீன், மிக நன்று. கைத்திறன், நான் பார்த்த எந்தச் சமையல்காரனுக்கும் இப்படி இல்லை. ருசி எப்படி என்று கேட்டால், பரிசோதனைக்காக மொத்தம் பதினாலு உருண்டை சாப்பிட வேண்டியதாயிற்று, அவ்வளவுதான் சொல்வேன். ஆனால் பெண் கொடுப்பது என்பது வேறு. பெரியவர் கேட்டு ஒரு மீன் தலை கொடுக்காதவன் நாளைக்கு நமக்கு என்ன மரியாதை கொடுப்பான்? ஊரெல்லாம் லீவு விடுகிற தீபாவளிக்கும் இவனுக்கு வேலை. ஆகவே என் முடிவு, இந்தச் சம்பந்தம் வேண்டாம். இதை ரஷ்மியிடம் தாங்களே சொல்லிவிட வேண்டும். நேற்று வீடு திரும்பியபோது அவள் காப்பி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அத்தான். பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரங்கள். தங்கள் வீட்டில் விளக்கும் அடுப்பும் குறைவில்லாமல் எரிய, நாகூர் ஆண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் நம் குலதெய்வமும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தண்டபாணி
கேட்டரிங் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)

பி.கு.: இன்று சனிக்கிழமை. ஸ்டாம்ப் வாங்கச் சோம்பல்பட்டு நாலு நாள் வைத்திருந்தேன், மறுபடி எழுதக் கை வலிக்கிறது, அதனால் இதிலேயே சேர்க்கிறேன். இன்று காலை ரஷ்மி தன் போனை என்னிடம் நீட்டினாள். நான் போன அன்று மத்தியானமே அந்தப் பையன் அவளுக்கு அனுப்பியது. உள்ளபடி எழுதுகிறேன்: "உங்க அப்பா வந்திருந்தாரு. தொப்பி போட்டுட்டு ஹிந்தி பேசினாரு. கதவு தொறந்தப்பவே தெரிஞ்சிருச்சு, உன் மூக்கு அப்படியே அவருக்கு. நல்லாத் திட்டினாரு, எல்லாத்தையும் சாப்பிட்டாரு. கெளம்பும்போது வாசல்ல நின்னு, 'நீ தெனம் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவே, அதுவரைக்கும் வீட்டுல இருக்கிறவ தனியாவா சாப்பிடணும்'னு கேட்டாரு. அவரு போனதும் எனக்கு மத்தியான ஷிப்ட்டு மட்டும் குடுங்கன்னு ஓனர்கிட்ட கேட்டிருக்கேன். அவரு வேண்டாம்னு சொன்னா அவர்மேல கோவிச்சுக்காத. எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு."

வாசலில் நான் கேட்டதை மேலே எழுதவில்லை. அறிக்கைக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டேன். இருபத்தெட்டு வருஷம் ஊரில் இருக்கிற எல்லாரையும் பரிசோதித்தவன் நான், என்னை ஒருத்தன் பரிசோதித்துப் பாஸ் போட்டது இதுதான் முதல் தடவை. சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பிறகு நானே அவனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "சொல்லுங்க மாமா" என்கிறான். சொல்லிவிட்டேன். ஆவணி பன்னிரண்டு நிச்சயதார்த்தம், தட்டு மாற்ற வேண்டியது தாங்களும் அக்காவும்தான், இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடவும். மேலே இருக்கிற நாலு பக்கத்தையும் படித்த உடனே கிழித்துப் போடவும். யாராவது கேட்டால், பையனைத் தேடிக் கண்டுபிடித்ததே தண்டபாணிதான் என்று சொல்லவும்.