தேவி வைத்துக்கொண்ட கிட்டார்

எனக்குச் சாமி பக்தி உண்டு, புத்திதான் கொஞ்சம் தாமதமாக வரும். இல்லாவிட்டால் ராக் கிட்டார் வாசிக்கிறவன் எவனாவது கச்சேரிக்கு முந்தின நாள் தன் கிட்டாரைப் பூஜையில் வைப்பானா? நான் வைத்தேன்.

அப்போது பழவங்காடியில் பூஜைச் சாமான் கடையில் வேலை. படிப்பு பத்தாவது. பகலில் கற்பூரம் கட்டுவேன், சாயங்காலம் பாட்டுக் கட்டுவேன். (இரண்டும் கொஞ்ச நேரம் எரிந்து அணைந்துவிடும் என்பாள் மனைவி செல்வி.)

கழக்கூட்டத்தில் ஒரு ஃபிளாட்டில் நவமியன்று விழா. எங்கள் பாண்டுக்கு மேடை. அங்கே குடியிருந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர், "நீங்க எழுதின பாட்டு ஒண்ணு வாசிங்க. நல்லா இருந்தா நான் ரெக்கார்ட் பண்ணித் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக நான் காத்திருந்த வாக்கு அது.

முந்தின நாள் அஷ்டமி. எங்கள் பக்கத்தில் அன்றைக்கே பூஜை வைப்போம். சாயங்காலம் மகளின் பாடப் புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினோம். மனசு நெகிழ்ந்துபோய், நானும் கிட்டாருக்குச் சந்தனம் வைத்து நடுவில் சாய்த்தேன். பூஜைக்கு வைத்ததை விஜயதசமி காலையில்தான் எடுக்கவேண்டும், அதுவரை தொடக்கூடாது. கடைக்கு வருகிற எல்லாருக்கும் இதைப் பாடமாகச் சொல்பவனே நான்தான். கற்பூரம் அணைந்தபோதுதான் உறைத்தது.

"செல்வி, நாளைக்குத்தானே நவமி?"

"ஆமா. உங்களுக்குப் புரோகிராமும் உண்டு."

"முதல்லயே சொல்லப்படாதா?"

"கண்ண மூடிட்டு நின்னீங்க, ஏதோ நேர்ச்சை, வேண்டுதலாக்கும்னு நெனச்சேன். எடுக்கணும்னா எடுங்க. இருக்கிற வித்தை போயிரும்னு நான் சொல்லல, கேட்டோ. அவ்வளவு இருக்குன்னும் சொல்லல."

எடுக்கவில்லை. மறுநாள், இரவல் கிட்டார் தேடிப் போயிருந்த எங்கள் டிரம்ஸ்காரன் சாபு மேடைக்குப் பின்னால் ஓடிவந்தான்.

"சேட்டா, கிட்டார் கிட்டி! பட்சே ஒரு பிரச்னம். இடங்கையன்டேயா."

இடது கைக்காரனுடைய கிட்டார். திருப்பிப் பிடித்தால் தந்திகளெல்லாம் தலைகீழ். கீழே இருக்கவேண்டிய சவுண்டுத் திருகு மேலே, என் முழங்கைக்கடியில். தேவி பார்த்துக்கொள்வாள் என்று ஏறிவிட்டேன்.

என் பாட்டு கிட்டார் மட்டும் வாசித்துத் தொடங்கும். நான் தலையசைத்தால்தான் சாபு சேர்ந்துகொள்வான். கண்ணை மூடி வாசித்தேன். இரண்டாவது வரியிலேயே முழங்கை திருகைத் திருப்பிச் சவுண்டை அணைத்துவிட்டது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லைதான். ஸ்பீக்கர் அவர்கள் பக்கம் பார்த்திருக்கிறது, அவர்களுக்குக் கேட்கும் என்று விடாமல் வாசித்தேன்.

கண் திறந்தால், கூட்டம் மொத்தமும் எழுந்து தலைகுனிந்து நிற்கிறது! சத்தமில்லாமல் கண்மூடி நின்ற என்னைப் பார்த்து, யாருக்கோ மௌன அஞ்சலி என்று விழாச் செயலாளர் எல்லாரையும் எழுப்பிவிட்டிருக்கிறார். மேடையோரம் வந்து, செத்தது யார் என்று மெல்லக் கேட்டார்: "ஆராணு மரிச்சது?"

சாபு சொன்னான்: "பாட்டு."

நான் விடவில்லை. திருகைத் திருப்பி, தப்புத் தப்பாக முழுப் பாட்டையும் வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஸ்டூடியோக்காரர், "முதல் பாதி நல்லாயிருந்தது" என்றார். (சத்தமில்லாத பாதி.) ரெக்கார்டிங் பேச்சையே எடுக்கவில்லை.

விஜயதசமி காலை கும்பிட்டுக் கிட்டாரை எடுத்தேன். பின்னறைச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து, மகளின் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டை நானே பதிவுசெய்தேன். இன்று பிறர் பாட்டையும் பதிவுசெய்து கொடுக்கும் என் கரமனை ஸ்டூடியோ அந்தப் பின்னறைதான். அஷ்டமிக்கு ஒன்று வெளியே இருக்கட்டும் என்று இரண்டாவது கிட்டாரும் வாங்கினேன். (அதையும் சேர்த்தே பூஜையில் வைத்துவிடுகிறேன்.)

வீட்டில், சாப்பிடும்போது நான் கொஞ்சம் பேசாமல் இருந்தால் போதும். மகள் தட்டோடு எழுந்து தலைகுனிந்து நிற்பாள். "ஆராணு மரிச்சது?" என்பாள் செல்வி. வாயிலிருக்கும் சோற்றை விழுங்கிவிட்டு நான்தான், "பாட்டு" என்று பதில் சொல்லவேண்டும்.