நடுங்கும் பேயும் மூன்று புட்டி ஜாமுவும்

ஜாவாக்காரர்களின் புத்தாண்டு மாதமான சுரோ பிறந்தால் ஜோக்ஜா நகரில் பாட்டன் காலத்துக் குத்துவாளை எடுத்துப் பூத்தண்ணீரில் கழுவுவார்கள். இந்த வருடம் கைப்பேசியைக் கழுவினார்கள்.

கழுவிக் கொடுத்தவர் கி வனபாயா. 'கி' என்றால் அந்த ஊரில் பெரியவர், குரு. பேய் ஓட்டுவதில் புலி. பேட்டையின் பொதுக்கூடத்தில் அவர் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, காலை ஏழு மணிக்கே வரிசை தெருமுனை வாழைப்பழ பஜ்ஜி வண்டியைத் தாண்டி நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி, மறு கையில் ஒரு கோழி. பேய் பிடித்திருந்தது கைப்பேசிகளுக்கு. வரிசையில் நின்றவர்களுக்கு என்ன பிடித்திருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எல்லாம் 'பாழுங்கிணறு' என்ற விளையாட்டால் வந்த வினை. அதே ஊரில் ஒன்பது பேர் சேர்ந்து செய்த கைப்பேசி விளையாட்டு. கிணற்றுக்குள் ஒருத்தி அழுவாள். முதலில் சாதாரணமாகத்தான் அழுவாள். போகப் போக அழுகை நடுங்கும். பிறகு கடகடவென்று நடுங்கும். கேட்டவன் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் போட்டு அமுக்குவான்.

"அது நிஜ ஆவி! விளையாட்டு வழியா உங்க வீட்டுக்குள்ள வந்திருச்சு" என்று கி சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? தாடி அத்தனை நீளம்.

அவர் வைத்தியம் இதுதான். நடுங்குகிற கைப்பேசியை அப்படியே கொண்டுவர வேண்டும். அவர் அதை வெள்ளைத் துணிக்குள் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு, கால் மணி நேரம் மந்திரம் ஓதுவார். நடுக்கம் குறையும். நிற்கும். கூட்டம் விசும்பும். அப்புறம் பூத்தண்ணீரில் ஒரு முழுக்கு. அதன்பின் திங்களும் வியாழனும் கைப்பேசி விரதம் இருக்க வேண்டும், அதாவது சார்ஜ் போடக்கூடாது. சில கைப்பேசிகள் முழுக்கோடு மோட்சம் போய்விட்டன. பேய் கிளம்பும்போது உயிரையும் துணைக்கு அழைத்துப் போய்விட்டதாம்.

இந்தக் கூத்தையெல்லாம் கேட்டு லரஸ்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள், புதன்கிழமை வரைக்கும். ஏனென்றால் கிணற்றுக்குள் அழுதவள் அவள்தான். அந்த விளையாட்டுக்கு ஒலி அமைத்தவள். வாடகை அறையில் தெருச் சத்தம் தொந்தரவு செய்ததால், துணி அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாரம் அழுது பதிவு செய்தாள்.

அந்த அழுகையை வீட்டுக்காரம்மா சுமிந்தென் சுவரோரம் நின்று கேட்டிருந்தாள். கேட்டதைக் கியிடம் போய்ச் சொன்னாள். கி கண்ணை மூடினார், திறந்தார், தீர்ப்புச் சொன்னார். ஆவி அந்தப் பெண்மேல்தான் ஒட்டியிருக்கிறது, அவள் வழியாகத்தான் விளையாட்டுக்குள் போனது.

சுமிந்தென் வாசலிலேயே மறித்தாள். "இங்க பாரும்மா, நீ நல்ல பொண்ணுதான். ஆனா அலமாரிக்குள்ள உக்காந்து அழற பொண்ணை நான் எப்படி வச்சுக்கறது? மத்த பொண்ணுங்க எல்லாம் மூட்டை கட்டுதுங்க."

"அம்மா, அது வேலைம்மா. அழுதாதான் சம்பளம்."

"அழறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா? ஞாயித்துக்கிழமை கி முன்னால உக்காரு. ஓட்டிக்கிட்டு வந்தா அறை உனக்கு. இல்லேன்னா பெட்டியை எடுத்துக்க."

நான்கு வருடம் இருந்த அறை. தெருவில் பிள்ளைகள்கூட அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தன. சிரிப்பு அடங்கிவிட்டது. முதலாளி ஹர்யோவைக் கூப்பிட்டு, "அண்ணே, நம்ம விளையாட்டுல பேய் இல்லேன்னு ஒரு அறிக்கை விடுங்க" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா லரஸ்? ஒரே மாசத்துல பதினஞ்சு மடங்கு பேரு விளையாடறாங்க. நான் போய் பேய் இல்லேங்கறதா? நல்லா இருக்கற பேயை ஏம்மா கெடுக்கறே?"

மறுநாள் காலை ஜாமு விற்கும் பைனா வந்தாள். மஞ்சளும் இஞ்சியும் இடித்த கஷாயப் புட்டிகளை முதுகில் சுமந்து இருபது வருடமாகத் தெருத் தெருவாய் வருகிறவள். அவள் முகம் சரியில்லை.

"என் பேய் மட்டும் போகலையாம். பிடிவாதக்காரியாம். இன்னொரு கோழி கேக்குதாம்" என்றாள்.

லரஸ்தி அவள் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். விளையாட்டுக்குள் இருக்கும் பையில் ஜாமு ஒரு புட்டிகூட இல்லை. ஏதோ உறைத்தது. ஓடிப்போய் சுமிந்தெனின் கைப்பேசியைக் கேட்டாள். அதில் பேய் போயிருந்தது. "கிகிட்ட குடுக்கறப்போ பையில எத்தனை புட்டி இருந்துச்சு?" என்று கேட்டாள். அஞ்சு என்றாள் சுமிந்தென். இப்போது இரண்டு. மந்திரத்துக்கு மூன்று புட்டி செலவாகியிருந்தது!

விஷயம் இவ்வளவுதான். அந்த விளையாட்டில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை திரையில் கிடையாது. பட்டை வேண்டாம், காது சொல்லட்டும் என்று அடம்பிடித்தவள் லரஸ்தி. அதற்கு அவள் எடுத்த கருவிக்கு டிரெமோலோ என்று பெயர். பெயர்தான் பெரிது. ரேடியோவில் பாட்டு ஓடும்போது சத்தக் குமிழை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி விளையாடாத பிள்ளை உண்டா? அதையே ஒரு நொடிக்கு ஆறு தரம் செய்தால் குரல் நடுங்கும். உயிர் குறையக் குறைய நடுக்கம் வேகமாகும். விளையாட்டில் ஒரு புட்டி ஜாமுவைக் குடித்தால் உயிர் ஏறும், நடுக்கம் அடங்கும். கியின் கட்டைவிரல் துணிக்குள் மூன்று புட்டி குடித்தது. வாய் வெளியே மந்திரம் ஓதியது.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பின்னாலேயே வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் வந்தது. லட்சம் பேர் விளையாடினார்கள். அவள் செய்த வேலையைக் காது கொடுத்துக் கேட்டுப் புரிந்துகொண்டவர் அந்த ஏமாற்றுக்காரர் ஒருவர்தான்!

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. லரஸ்தியின் டோக்கன் நாற்பத்தொன்று. அவள் விளையாட்டைத் திறந்து, உயிர் குறையட்டும் என்று கிணற்றோர முள்ளுக்குள் நாலு நடை நடந்து, நடுங்கும் கைப்பேசியோடு மேடையேறினாள். ஒலிபெருக்கியின் மைக்கை அதன் பக்கத்தில் வைத்தாள். அழுகை கூடமெங்கும் நடுங்கியது. இரண்டு கோழிகள் கத்தின.

"வந்துட்டா பாரு!" என்றார் கி. "குடு அதை."

"தர்றேன் ஐயா. ஒரு சந்தேகம். ஆவி உங்க மந்திரத்துக்குப் பயப்படுதா, கைக்குப் பயப்படுதா?"

"மந்திரத்துக்குத்தான்! இதென்ன கேள்வி?"

"அப்போ கைப்பேசியை பைனா அக்கா வச்சுக்கட்டும். நீங்க பக்கத்துலயே உக்காந்து ஓதுங்க."

கி தாடியைத் தடவினார். "அது... கைச்சூடு படணும்."

முன் வரிசையிலிருந்து சுமிந்தென் எழுந்தாள். அவளுக்குக் கிமேல் அப்படி நம்பிக்கை. "ஐயா, இந்தப் பொண்ணு உங்களைச் சோதிக்குது. விடாதீங்க! போன வாரம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆவியவே இங்கிருந்து ஓதி விரட்டினேன்னு நீங்கதானே சொன்னீங்க? இது ஒரு முழத் தூரம். ஓதுங்க!"

"ஓதுங்க! ஓதுங்க!" என்றது கூட்டம். எதிரி விரித்த வலையிலிருந்து நழுவிவிடலாம். பக்தர்கள் விரித்த வலையிலிருந்து எப்படி நழுவுவது? கி ஓதினார். கால் மணி ஓதினார். அரை மணி ஓதினார். ஊதுவத்தி தீர்ந்தது. தொண்டை கட்டியது. கியின் குரலும் நடுங்க ஆரம்பித்தது. கிணற்றுக்காரி மட்டும் சளைக்காமல் அதே தாளத்தில் அழுதாள்.

"அக்கா, மூலையில புட்டிப் படம் தெரியுதா? அதைத் தொடுங்க. ஒண்ணும் ஓதாதீங்க" என்றாள் லரஸ்தி.

பைனா தொட்டாள். நடுக்கம் தளர்ந்தது. இன்னொரு தரம் தொட்டாள். மூன்றாவதில் நின்றே போனது. கிணற்றில் ஒருத்தி, சாதாரணமாக, சளி பிடித்தவள்போல் அழுதுகொண்டிருந்தாள்.

ஒரு கிழவர் கையைத் தூக்கினார். "மந்திரம் கொஞ்சம் லேட்டா வேலை செஞ்சிருக்கலாமில்ல?"

"இருக்கலாம் தாத்தா. மறுபடியும் பாத்துடுவோம்." லரஸ்தி கைப்பேசியை வாங்கி முள்ளுக்குள் நடந்து, பைனாவிடமே திருப்பிக் கொடுத்தாள். நடுக்கம் வந்தது. இம்முறை கி வாயையே திறக்கவில்லை. பைனா, "ஜாமூ! ஜாமூ!" என்று தெருவில் கூவுகிறபடியே கூவிக்கொண்டு படத்தைத் தொட்டாள். நடுக்கம் நின்றது. "இருவது வருஷமா விக்கறேன்டியம்மா, என் ஜாமு இத்தனை சீக்கிரம் யாருக்கும் கேட்டதில்ல!" என்றாள்.

கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சுமிந்தென் மேடைக்கு வந்துவிட்டாள். "அப்போ துணிக்குள்ள உங்க கை என்ன பண்ணுச்சு?" என்று கேட்டு வெள்ளைத் துணியை இழுத்தாள். உள்ளே கியின் சொந்தக் கைப்பேசி. அதில் பாழுங்கிணறு கடைசிக் கட்டம் வரை முடிக்கப்பட்டிருந்தது. மலையைத் தாண்டிய ஆவியையே விரட்டிய மகான், பின்வாசல் வழியாகச் செருப்பில்லாமல் விரட்டப்பட்டார். கோழிகள் உரியவர்களிடம் திரும்பின.

சுமிந்தென் லரஸ்தியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "பெட்டியைப் பிரிச்சு வச்சுரு. அலமாரிக்குள்ள அழறதுன்னா மட்டும் முன்னாலயே சொல்லிட்டு அழு."

லரஸ்திக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இதைப் பதிவு செய்யவில்லை.

இத்தோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போனார்களா? திரும்பிப் பார்த்தால் பைனாவுக்கு முன்னால் புதிதாக ஒரு வரிசை. முதல் ஆள் கைப்பேசியை நீட்டி, பவ்யமாகக் குனிந்து நின்றான்.

"அக்கா, உங்க ராசியான விரலால என்னோடதையும் ஒரு தொடு தொடுங்க."

பைனா புட்டிக் கூடையை இறக்கி வைத்து இடுப்பில் கை வைத்தாள்.

"பாட்டன் விட்டுட்டுப் போன கத்தியை வருஷா வருஷம் கழுவுறீங்க. சரி. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணை விட்டுட்டுப் போனாரே, அதை என்னிக்காவது எடுத்துத் துடைச்சீங்களாடா?"