சிவப்புத் துணி கட்டிய நீர்நாய்

அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். முகம் மழித்தான். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டான். ஷூவுக்குக் குனிந்தபோது சமையலறையிலிருந்து மனைவி ஏதோ சொன்னாள். "சரி" என்றான். படி இறங்கிய பிறகுதான் என்ன சொன்னாள் என்று யோசித்தான். பாலாகத்தான் இருக்கும். அவள் சொல்வதில் பாதி பால்தான்.

அவன் மனசெல்லாம் நீர்நாய்.

கார்ட்டூன் பட நிறுவனம் ஒன்றில் அவன் பிழை பார்ப்பவன். ஒரு காட்சியில் இடக்கையில் இருந்த குடை அடுத்த காட்சியில் வலக்கைக்கு மாறியிருந்தால் பிடித்துவிடுவான். ஆபீசில் அவன் பெயர் பூதக்கண்ணாடி.

நிறுவனத்தின் நீர்நாய்ப் படம் தியேட்டர்களில் சக்கைப்போடு போட்டது. அப்பாவைப் பார்த்தே அறியாத ஒரு நீர்நாய்க்குட்டி. ஆற்றங்கரையில் பிறந்தும் தண்ணீரைக் கண்டால் நடுங்கும். முதல் காட்சியில், கரையொதுங்கிய ஒரு சிவப்புத் துணியை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ளும். முடிவில் நண்பனுக்காக முதன்முதலாக ஆற்றில் குதிக்கும். பொடிசுகளுக்கெல்லாம் அந்தப் படம் மனப்பாடம்.

இப்போது அதற்கு ஒரு முன்கதை. தியேட்டருக்குப் போகாது, நேரே டிஸ்க்காகக் கடைக்குப் போகும். கதை எழுதியவர் பாதியில் முறைத்துக்கொண்டு போய்விட்டார். மீதியை வரைகிறவர்களே முடித்து அனுப்பியிருந்தார்கள். நேற்று வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தான். தப்புக்கு மேல் தப்பு. எடுத்த எடுப்பிலேயே நீர்நாய் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மீசை வேறு பழைய படத்தைவிடத் தடிமன். படம் முழுக்க, மீன்கள் வெட்கப்படும்படி நீந்தியது. கடைசியில் வெள்ளத்தில் குதித்தது. வெளியே வரவே இல்லை. படம் முடிந்துவிட்டது.

"குட்டியோட சின்ன வயசுக் கதைன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார் முதலாளி, ஆபீசில் அவன் விஷயத்தைச் சொன்னதும். "நாளைக்குக் காலைல டிஸ்க் போட அனுப்பணும். ஒரே ஒரு பொடிசு தப்புன்னு சொன்னாலும் நீ வீட்டுல உட்கார்ந்துக்கலாம்."

எடிட்டர் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எதுல ஆரம்பிக்கலாம், பூதக்கண்ணாடி?"

"துணியை நீலமாக்கிடுங்கக்கா. இது வேற துணின்னு ஆயிடும்."

ஆக்கினாள். நீர்நாய் ஆற்றில் இறங்கியது. நீலத்தில் நீலம் கரைந்தது. தலை முன்னால் போக, உடம்பு சற்று இடைவெளி விட்டுப் பின்னால் போனது.

"கழுத்தைக் காணோமே."

"தண்ணிதானே தகராறு. அதை எடுத்துட்டுப் புல்தரை போடுங்க. தண்ணில இறங்கவே இல்லன்னும் ஆயிடும்."

புல்தரையில் நீர்நாய் குப்புறப் படுத்துக் கைகாலை உதைத்தது. அதைத் தாண்டி மீன்கள் கூட்டமாகப் போயின.

எட்டிப் பார்த்த முதலாளி, "அதுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"இல்லீங்க. சந்தோஷம்."

"மீனுக்குமா?"

அக்கா படத்தை நிறுத்தினாள்.

"கடைசிக் காட்சியையாவது ஒழுங்கு பண்ணுங்க. அது வெளிய வந்தாகணும்" என்றார் முதலாளி.

புதிதாக வரைய ஆள் இல்லை. குதிப்பதையே பின்னோக்கி ஓடவிட்டார்கள். வெள்ளத்திலிருந்து முதலில் வால் வந்தது. பிறகு நீர்நாய் பின்பக்கமாகப் பறந்து போய்ப் பாறைமேல் நின்றது. முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடைசிக் காட்சியை ஓட்டினார்கள்.

மழை. பாறைமேல் நீர்நாய். அது ஒருமுறை திரும்பிக் கரையைப் பார்த்தது. அங்கே ஒரு வளை, உள்ளே இருட்டு. நெடுநேரம் பார்த்தது. பிறகு குதித்தது. வெள்ளம் மூடிக்கொண்டது. சிவப்புத் துணி மட்டும் மேலே வந்து, சுழன்று, கரையை நோக்கி மெல்ல மிதந்து போனது.

அக்காவின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

"தப்புதான்" என்றாள். "ஆனா ஏன் இப்படிப் புல்லரிக்குது?"

யாரோ அவசரத்தில் வரைந்து தள்ளிய கோடுகள். நாளெல்லாம் அதை என்னென்னவோ செய்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. தனக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிந்த உயிர்போல மறுபடியும் அந்தப் பாறைக்கே வந்து நின்றது. இவ்வளவு அழகான தப்பை அவன் பார்த்ததே இல்லை.

இன்னொரு முறை ஓட்டச் சொன்னான். பிறகு இன்னொரு முறை.

நாளையிலிருந்து வேலை இல்லை என்பதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். மறக்காமல் பால் வாங்கினான்.

"எதுக்கு இது?" என்றாள் மனைவி. "வீட்டுல இருக்கே."

"நீதானே காலைல கிளம்பும்போது சொன்ன?"

"நான் பால்னு வாயே திறக்கல. நீங்கதான் காதுலயே வாங்காம சரின்னுட்டுப் போனீங்க."

"அப்ப என்னதான் சொன்ன?"

அவள் பாலை வாங்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"நேத்துப் பார்த்த படத்துல வர்றது குட்டியே இல்ல, அதோட அப்பான்னு சொன்னேன்."