ஹைட் என்றால் ஒளித்து வை

படித்தவர்கள் முட்டாள்தனம் செய்தால் அதில் துளி சந்தேகம் இருக்காது. நான் அப்படித்தான் செய்தேன்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்து, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் சேர்ந்து மூன்றாவது வாரம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் விரிஞ்சிபுரத்தில் அப்பா, பொண்ணு எக்ஸ்போர்ட்டில் இருக்கிறாள் என்று பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. யாராவது ஒரு வேலை சொல்ல மாட்டார்களா, என் இங்கிலீஷைக் காட்ட மாட்டோமா என்று பறந்துகொண்டிருந்தேன்.

அன்று வெளிநாட்டு பையர் வருகிறார். அவர் தோலைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஆர்டர். காலையில் மேனேஜரிடமிருந்து இங்கிலீஷில் ஒரு மெசேஜ்: 'ஹைட் சாம்பிள்ஸ் பிஃபோர் பையர் கம்ஸ்.'

ஹைட் என்றால் ஒளித்து வை. வாக்கியத்தின் தலையில் நிற்கிறது, ஆகவே வெர்ப். பையர் வருவதற்குள் சாம்பிள்களை ஒளிக்க வேண்டும். (வேறு பையருக்காகச் செய்த சாம்பிளோ என்னவோ!) பன்னிரண்டு தோல்களையும் சுருட்டி அள்ளிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினேன்.

கட்டிங்கில் பதினைந்து வருடமாக இருக்கும் மேரி அக்கா வழிமறித்தார். "இன்னாம்மா, எங்க தூக்கினு ஓடுறே? ஹைட்னா மாட்டுத்தோலு. ஆட்டுத்தோலுன்னா ஸ்கின்னு. அத்த டேபிள்ல வெக்கச் சொல்றாரு."

"இல்லக்கா. அது நவுன் இல்ல, வெர்ப். இங்கிலீஷ்ல எட்டு வகைச் சொல்லு இருக்கு. எட்டும் எனக்கு அத்துப்படி."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்தார். நான் கேன்டீன் ஸ்டோரில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தோல்களைத் திணித்தேன்.

பையர் வந்தார். மேசை காலி. மேனேஜர் என்னைப் பார்த்தார். ஒளித்து வைத்துவிட்டேன் சார் என்றேன், பெருமையாக. மனிதர் முகம் போன போக்கு இருக்கிறதே! அவர் எழுதியது நவுன்தான். வேண்டிய வெர்பை அவர் போடவே இல்லை.

திரும்ப ஓடினால் ஸ்டோர் பூட்டியிருந்தது. சமையல்காரர் சாவியோடு காய்கறி வாங்கப் போயிருந்தார். முக்கால் மணி நேரம் கேட்டுக்கும் கேன்டீனுக்கும் நடந்தேன். வேலை போய்விட்டது, அப்பாவிடம் என்ன சொல்வது என்று அழுகை அழுகையாக வந்தது. பையர் நாலு டீ குடித்தார். சமையல்காரர் வந்து திறந்த பிறகு, தோல்களைக் கொண்டுபோய் விரித்ததும் அரிசித் தவிடு பறந்து, அவர் தும்மு தும்மு என்று தும்மினார்.

ஆர்டர் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. இனிமேல் உனக்குத் தமிழிலேயே போடுகிறேன் தாயே என்று மேனேஜர் கும்பிட்டார். அடுத்த வாரமே போட்டார்: 'பையர் வர்றாரு, சாம்பிள் எடுத்து வைங்க.'

மேரி அக்காவிடம் ஓடினேன். "அக்கா, எடுத்து வெளிய வெக்கறதா, உள்ள வெக்கறதா?"

அக்கா சிரித்த சிரிப்பில் மெஷின்கள் நின்றன. கதை எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் வீட்டுக்கும் வந்துவிட்டது. இன்றைக்கும் விருந்தாளி வந்து, முறுக்கை எடுத்து வைங்க என்று நான் சொன்னால் போதும். என் வீட்டுக்காரர் டப்பாவைக் கையில் பிடித்தபடி அவர்கள் எதிரிலேயே கேட்கிறார்:

"காட்டவா, ஒளிக்கவா?"